வளைவில் சிவப்பு விளக்கு எரிகிறதா? வண்டியை நிறுத்துங்க!

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகும் பலாவும் ஏற்றிவரும் டீசல் லாரியில் திடீரென ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். வண்டி நின்ற பிறகே இன்ஜினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகிவிடலாம்.

'இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் இறங்கிடலாம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். கம்ப்ரஸர் நின்றுவிடும், மிதிக்க மிதிக்க ஏர் பிரேக்கில் காற்று தீர்ந்துபோகும். ஸ்டீயரிங்கும் இறுகும். உயிருக்கே ஆபத்து.

பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சரிவில் அளவு தப்பாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

* ஆயில் குறைவா? வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். அதனால்தான் விளக்கு மினுக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஆயில் ஊற்றுங்கள்.
* அளவு கூடி, டீசல் வாடையா? டீசல் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது.
* பால் கலந்த டீ நிறமா? ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கலாம்.
* எல்லாம் சரியா? சென்சார், ஒயர், ஃபில்டர், பம்ப் என எதுவும் காரணமாகலாம். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் மாட்டி மெக்கானிக் அளந்தால்தான் உண்மையான பிரஷர் தெரியும்.

ஆயில் ஊற்றியும் விளக்கு அணையவில்லையா? ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை மலைக்கே வரவழையுங்கள். அவர் கேட்கும் கூலி, புது இன்ஜின் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை!