கொக்கியில் ஒரு தங்கக் கம்பி
காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஒருவர் ஜரிகையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மேலிருந்த மினுமினுப்பு விலகியதும் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தது. “சிவப்பு வந்தா நம்பலாம் சார்” என்றார். சுரண்டிய அந்தத் துண்டு இனி எந்தச் சேலைக்கும் ஆகாது. எனக்கு ஏனோ நம் நாட்டில் உருவான விக்ரம் 3201 சிப் நினைவுக்கு வந்தது. 2025 செப்டம்பரில் டெல்லியில் பிரதமர் கையில் அது இருந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். நான் நினைத்ததோ படத்துக்கு வராத சிப்களை. ஒரு புது சிப்பை நம்புவதற்கு முன் அதன் உடன்பிறப்புகளை 125 டிகிரி சூட்டில் 1000 மணி நேரம், ஏறக்குறைய 42 நாள், ஓடவிடுவது இத்துறையின் வழக்கம். உறைகுளிருக்கும் கொதிசூட்டுக்கும் மாற்றி மாற்றி அலைக்கழிப்பார்கள். சிப்புக்குள் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கொக்கியில் மாட்டி, எந்த இழுப்பில் அறுகிறது என்று அறுத்தே பார்ப்பார்கள். விக்ரம் 3201 அதற்கும் மேலே போய், 2024 டிசம்பர் 30-ல் கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில் விண்வெளியிலேயே வேலை செய்து காட்டியது. குஜராத்தின் சானந்திலும் தொலேராவிலும் சிப் ஆலைகள் எழும் இந்த நேரத்தில் ‘எப்போது சந்தைக்கு வரும்’ என்று அவசரப்படுத்துகிறோம். சோதனைக்கூடத்தில் கழியும் மாதங்களைத் தாமதம் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. தறிக்காரர் அதற்குள் ஒரு சேலையை எடுத்து, உடலும் கரையும் கோர்வையில் கோத்திருந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து பலம்கொண்ட மட்டும் இழுத்தார். விரல் நுனிகள் வெளுத்தன, கோர்வை அசையவில்லை.