தங்கூசியின் தராதரம்

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வீட்டாருக்கோ அது ஒரு வேளைக் கறி. ஒரு நாள் மாலை பெரிய கார்ப் மீன் ஒன்று முள்ளில் கொளுவி, கரைக்கு இரண்டு பாகத் தூரம் வரை வந்தபின் நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். முள்ளும் ஈயமும் அதனுடனேயே போயின. மறுவாரம் நகரத்துக் கடையொன்றில், ‘புளோரோகார்பன்’ என்று அச்சிட்ட ஒரு சுருளைக் காட்டி, “இது மீனின் கண்ணுக்கே தெரியாது, எந்த மீனாலும் அறுக்க முடியாது” என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் விலை தம் தாயாரின் மூன்று நாள் பேருக்குச் சமம் என்றும், அம்மாவிடம் கேட்கலாமா, கேட்க வேண்டாமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக ஒன்று கூறிவிடுகிறோம். ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டிலேதான் 1,350 ரூபாய் ஆயிற்று. அதில் மூன்று நாளை ஒரு சுருள் நூலுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி சின்னக் கேள்வி அன்று. ஆகவே அதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் வீட்டு வரிசைக்கும் தூண்டில் நூலுக்கும் ஒரே சொல்தான். மலையகத்தில் அச்சொல் லயமாகி வீட்டோடு நின்றுவிட்டது. நூலுக்கு இங்கே தங்கூசி என்றே பெயர். தமிழகத்தில் நரம்பு என்பார்கள். நரம்பு என்பதும் பொருத்தமான சொல்லே. ஏனெனில், நைலான் வருமுன் தூண்டிலின் நுனியில் கட்டப்பட்டது பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்த நரம்புதான். பட்டு நூற்கும் பருவத்துப் புழுவைப் புளிங்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை நீள இழுத்துக் காய வைப்பர். ஸ்பெயின் தேசத்து மூர்சியா இத்தொழிலுக்குப் பேர் போன இடம். 1880களில் பிரித்தானியாவிலிருந்து டிரவுட் மீனின் முட்டைகளை வருவித்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் வளர்க்க முயன்ற துரைமார், இந்த நரம்பைத்தான் தங்கள் தூண்டிலில் கட்டினார்கள். மீன் பிடிக்கப் புறப்படுமுன் அதைத் தண்ணீரில் ஊறவைத்தாக வேண்டும். இல்லாவிடில் முடிச்சுப் போடும்போதே ஒடிந்துவிடும். டூபோண்ட் ஆய்வுகூடத்தில் கரோதர்ஸ் என்பவர் 1935ஆம் ஆண்டில் நைலானை ஆக்கிய பிறகு பட்டு நரம்பின் காலம் முடிந்தது.

இப்போது கடையில் காட்டப்படும் புளோரோகார்பன் இதற்கு அடுத்த தலைமுறை. ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் பொருள் இருக்கிறதே, அதன் நெருங்கிய உறவினம் இது. காபனோடு புளோரின் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தது. ஜப்பானிலுள்ள குரேஹா நிறுவனம் 1971ஆம் ஆண்டில் இதைத் தூண்டில் நூலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பாஸ் என்னும் ஏரி மீனைப் பிடிப்போர் இதனைப் பெரிதும் விரும்பியதால், சில சுருள்களின் அட்டையில் வாய் பிளந்த பாஸ் மீனின் படத்தைக் காணலாம். அந்த மீனை எதிர்பார்த்துக் காசல்ரீயில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே கிடைப்பது திலாப்பியாவும் கார்ப்பும்தான்.

‘கண்ணுக்குத் தெரியாது’ என்ற கூற்றில் எவ்வளவு உண்மை? விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் முறிவுச் சுட்டியை நினைவுகூர்க. தண்ணீரின் சுட்டி 1.33, நைலானுடையது ஏறக்குறைய 1.53, புளோரோகார்பனுடையது 1.42. தண்ணீருக்கும் அதிலுள்ள பொருளுக்கும் இந்த எண்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ, அவ்வளவுக்கு அப்பொருள் மங்கலாகத் தெரியும். தெளிந்த பனிக்கட்டியைத் தண்ணீரில் போட்டால் அதன் விளிம்பைக் காண்பது கடினமாயிருப்பது இதனாலேயே. ஆகவே புளோரோகார்பன் நைலானைவிட மங்கலானது என்பது மெய். தெரியவே தெரியாது என்பது வியாபாரம். பளிங்கு போன்ற ஓடை நீரில், வெருளும் சுபாவமுள்ள டிரவுட் மீனுக்கு அந்த வேறுபாடு முக்கியம். மழை பெய்து மண் கரைந்து தேநீரின் நிறத்தில் நிற்கும் நீர்த்தேக்கத்தில் அது எதற்கு? அங்கே மீன் நூலை மட்டுமா, தன் வாலையே காண்பதற்குச் சிரமப்படும்.

‘அறுக்க முடியாது’ என்பதை எடுத்துக்கொள்வோம். இதிலேதான் நம் மாணவருக்குப் பயன்படும் விஷயம் இருக்கிறது. நைலான் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் சற்று வலுக்குன்றும், மேலும் நீளும். வெயிலிலும் அது நலிந்துபோகும். கூரைத் தகரத்தின் மேல் ஒரு பருவம் முழுதும் காய்ந்த தங்கூசி பார்வைக்கு நன்றாயிருக்கும், இழுத்தால் பட்டென்று போகும். புளோரோகார்பன் தண்ணீரை உறிஞ்சுவதில்லை எனலாம். வெயிலும் அதை எளிதில் தீண்டுவதில்லை. கல்லில் உராய்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். இந்தக் கடைசிக் குணம் நம் மலைநாட்டு நீர்த்தேக்கங்களுக்கு மிகவும் வேண்டியது. மவுசாக்கலை அணை 1960களின் பிற்பகுதியில் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் முதலியவற்றின் இடிபாடுகள் தலைகாட்டுவதை அப்பகுதியார் திரளாகச் சென்று பார்ப்பதுண்டு. அப்படிப்பட்ட தரையில் பெரிய மீன் ஒன்று நூலை இழுத்துக்கொண்டு ஓடினால், நூல் தண்ணீரையா உரசுகிறது? கல்லையும் சுவரையும் கட்டையையும் அல்லவா உரசுகிறது! நூலின் கடைசி ஒரு பாகத்தை விரல் நுனிகளுக்கிடையே மெல்ல இழுத்துப் பார்த்து, சொரசொரப்புத் தென்பட்டால் அவ்வளவையும் வெட்டிவிட்டு முள்ளை மறுபடி கட்டுவது, நூல் எதுவாயினும், செலவில்லாத காரியம்.

புளோரோகார்பனின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. அது விறைப்பானது, சுருளில் கிடந்த வளைவை விடாமல் நினைவில் வைத்திருக்கும், கனமான நூல் சிறிய ரீலில் அடங்காமல் சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வரும். அடர்த்தி 1.78 ஆகையால் தண்ணீரில் விரைந்து தாழும். ஆழத்தில் இரை போடுவோருக்கு இது நல்லது. தக்கை கட்டி மிதக்கவிட்டுக் காத்திருப்போருக்கோ, நூல் தாழ்ந்து தக்கையையும் இழுத்துச் சாய்த்துவிடும். அது நீளவே நீளாது என்று சிலர் சொல்வது மிகை. நீளத் தொடங்குவதற்கு அதிக விசை வேண்டும், ஆனால் அளவு மீறி நீண்டால் பழைய நிலைக்கு மீளாது. அப்படி நீண்ட பகுதியை நம்பக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய பலவீனம் முடிச்சு. நாம் ஒரு மாலை வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். 6 இறாத்தல் தாங்கும் என்று குறித்த நூல் ஒன்றை விறாந்தை வளையில் கட்டி, மறுமுனையில் ஒரு வாளியைத் தொங்கவிட்டோம். 6 இறாத்தல் என்பது ஏறக்குறைய 2.7 கிலோகிராம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் ஆகையால், வெறும் வாளியின் நிறையைக் கழித்துக்கொண்டு, அளந்து அளந்து ஊற்றினால் எங்கே அறுகிறதென்று கண்டுகொள்ளலாம். உலர்ந்தபடியே வெடுக்கென்று இறுக்கிய முடிச்சு குறித்த நிறை வருமுன்பே விட்டது. வாயில் வைத்து ஈரப்படுத்தி மெதுவாக இறுக்கிய முடிச்சு வாளி நிறையும் மட்டும் தாங்கி நின்றது. (மூன்றாம் முறை வாளி விழுந்து விறாந்தை முழுதும் வெள்ளமானதும் பரிசோதனை வீட்டாரின் உத்தரவினால் நிறுத்தப்பட்டது.) உலர்ந்த நூல் தன்மேலேயே உராய்ந்து சூடாகும், அச்சூடு இழையை அவ்விடத்தில் கெடுத்துவிடும். புளோரோகார்பனில் இது இன்னும் கடுமை. முள்ளின் காதில் நூலைக் கோத்து, நூலின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, முனையைக் காதருகேயுள்ள வளையத்தில் நுழைத்து, பிறகு அப்படி உண்டான பெரிய வளையத்திலும் நுழைத்து, ஈரமாக்கி, நிதானமாக இழுக்க வேண்டும். மீன் போனபின் நூலின் முனை பன்றிவாலைப்போலச் சுருண்டிருந்தால், நூல் அறுந்ததன்று, முடிச்சு நழுவியது என்று அறிக.

இவற்றையெல்லாம் மாணவருக்குத் தனியே எழுதி, தம் பழைய நூலின் முனையைப் பார்க்கும்படியும், கடைச் சுருளைப் பற்றி ஒரு சோதனை செய்யும்படியும் கேட்டுக்கொண்டோம். ‘புளோரோகார்பன்’ என்று அட்டையில் இருப்பதெல்லாம் புளோரோகார்பன் அன்று. நைலானின்மேல் மெல்லிய பூச்சுப் பூசியதையும் அப்பெயரால் விற்பதுண்டு. கடைக்காரரே அறியாமல் விற்கலாம். கண்டுபிடிக்கும் வழி அடுக்களையிலேயே இருக்கிறது. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 70 கிராம் உப்பை இட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் மட்டும் கலக்குக. அந்த நீரின் அடர்த்தி 1.2 அளவுக்கு ஏறிவிடும். நைலானின் அடர்த்தி 1.14 தான். நூலில் நகத்தளவு துண்டுகள் சிலவற்றைச் சவர்க்கார நீரில் நனைத்து, குமிழி ஒட்டாதபடி உப்பு நீருக்குள் அமிழ்த்தி விடுக. நைலானாயின் மேலே வரும். புளோரோகார்பனாயின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதே கடையில் அதே சுருளை முன்னமே வாங்கியிருந்த நண்பரிடம் ஒரு சாண் நூலைப் பெற்று நம் மாணவர் இச்சோதனையைச் செய்திருக்கிறார். துண்டுகள் அனைத்தும் மிதந்தன. ஐயம் தீர மூன்று தரம் செய்தாராம். பழைய நூலின் முனையோ, நாம் எதிர்பார்த்தபடியே, பன்றிவால்.

ஆகவே அம்மாவிடம் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் நேரவில்லை. ஆனால் நல்ல புளோரோகார்பனே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயமன்று. வேண்டுவோர் முழுச் சுருளையும் ரீலில் சுற்றாமல், சாதாரண நைலானின் நுனியில் முள்ளுக்கு முன்னால் ஒரு பாகம் மட்டும் அதைக் கட்டிக்கொண்டால் போதும். கல்லில் உரசுவதும் மீனின் முன்னே நிற்பதும் அந்தப் பகுதிதான். ஒரு சிறு சுருளை நாலு நண்பர்கள் பங்கிட்டால் பல மாதங்களுக்கு வரும். வெட்டியெறியும் துண்டுகளை மட்டும் கரையில் போட்டுவிட்டு வரக்கூடாது. வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது என்று மேலே சொன்னோம். அதே காரணத்தால் கொக்கின் காலில் சுற்றிக்கொண்டாலும் அது அறாது.

நுவரெலியாப் பக்கத்து டிரவுட் ஓடைகளுக்குச் செல்ல நினைப்போர், அனுமதி பெற வேண்டிய நீர்நிலைகள் எவையென்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனம். அங்கே தூண்டிலோடு போகும் பேச்சே இல்லை.

நேற்றைய தபாலில் மாணவரின் இரண்டாவது கடிதம் வந்தது. பழைய தங்கூசியில் நைந்த மூன்று பாகத்தை வெட்டிவிட்டு, ஈரமுடிச்சுப் போட்டு, இரண்டு ஞாயிறு சென்றிருக்கிறார். கார்ப் இன்னும் அகப்படவில்லை. திலாப்பியா நான்கு அகப்பட்டன. அவற்றைக் குழம்பு வைக்கும்போது உப்புப் போத்தல் ஏன் பாதியாயிற்று என்று அம்மா கேட்டாராம். அதற்கு என்ன பதில் சொல்வதென்று இப்போது நம்மைக் கேட்டிருக்கிறார்.