சீனியர் மாடி கோர்ட்டில் இருக்கிறார்

"சீனியர் மாடியில் சப் கோர்ட்டில் ஆர்கியூமென்ட்டில் இருக்கிறார், யுவர் ஆனர். ஒரு ஷார்ட் வாய்தா வேணும்."

எந்த முன்சீப் கோர்ட்டிலும் காலை பத்தரை மணிக்கு மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் இது காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் புதுக் கோட்டு போட்ட ஜூனியர். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்க மாட்டார். அடுத்த மாதம் அவருக்கும் இதே சலுகை தேவைப்படும். தேதி விழும், கட்டு மூடப்படும், டவாலி அடுத்த பெயரைக் கூப்பிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், வாய்தாவுக்கு எது காரணமாகாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதோ, அதையேதான் தினமும் காரணமாகச் சொல்கிறோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1-ஐப் படித்துப் பாருங்கள். வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருப்பது காரணமே அல்ல. அவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் உடனே தேதி கிடைத்துவிடாது. அதற்குள் வேறொருவரை அமர்த்தக் கட்சிக்காரரால் முடிந்திருக்காது என்று நீதிபதி திருப்தி அடைய வேண்டும். விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்ற வரம்பும் 2002 ஜூலை முதல் இருக்கிறது. கிரிமினல் வழக்குகளுக்கு 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் கறார். அதன் 346-வது பிரிவின்படி, கைமீறிய காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாதான்.

சிவில் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது நம்மூர் சேலம் வழக்கறிஞர்கள் சங்கம். 2005-ல் வந்த தீர்ப்பு மூன்று வாய்தா வரம்பை ஏற்றது. திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ பெரிய விபத்து நேர்ந்தாலோ வரம்பைத் தாண்டியும் தேதி தரலாம் என்று ஒரு வழியும் விட்டது. அதற்கு அந்தத் தீர்ப்பு காட்டிய உதாரணங்கள் போபால் விஷவாயு, குஜராத் நிலநடுக்கம், சுனாமி. சுனாமிக்காகத் திறந்த கதவில் நம்மவர்கள் மாடிப்படியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றமும் இதற்கு விலக்கல்ல. ஒத்திவைக்கக் கேட்டு இரண்டு மாதங்களில் 3,688 சீட்டுகள் வந்ததாக அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் 2023 நவம்பரில் வருத்தப்பட்டார்.

வக்கீல்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே காலையில் நாலு கோர்ட்டில் கேஸ் இருந்தால், எந்தப் பட்டியல் எப்போது நகரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் 'பாஸ் ஓவர்' இருக்கிறது. மதியத்துக்கு மேல் கூப்பிடச் சொல்லிவிட்டு அதே நாளில் வந்து வாதாடுகிறவர்மேல் எனக்கு வருத்தமில்லை. காய்ச்சலில் படுத்தவர்மேலும் இல்லை. முதல் நாள் சாயங்காலமே வர முடியாது என்று தெரிந்தும், மறுநாள் கோர்ட் கூடிய பிறகு வாய் திறக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் சித்தப்பாவின் பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி சொல்ல, பக்கத்து நிலத்துக்காரப் பெரியவர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். கண் மங்கியவர்; கூடவே அவர் பேரனும் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தான். குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. "போயிட்டு வாங்க தாத்தா, தேதி போட்டாச்சு" என்றார் ஜூனியர். அந்த இரண்டு பேரின் அன்றைய செலவை யாரும் கேட்கவில்லை.

சட்டம் கேட்கிறது. வாய்தா கொடுத்தால் அதனால் மற்றவருக்கு ஆகும் செலவுக்கு உத்தரவிட வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. சாட்சி வந்து நின்று, வக்கீல் இல்லையென்றாலோ தயாராக இல்லையென்றாலோ, நீதிபதி வாக்குமூலத்தைப் பதிவுசெய்துகொண்டு மேலே போகலாம் என்றும் இருக்கிறது. என் சண்டை வாய்தாவோடு அல்ல, காசில்லாமல் கிடைக்கும் வாய்தாவோடுதான். பெரியவரின் பஸ் காசையும் பேரனின் ஒரு நாள் கூலியையும் அன்றே மேஜைமேல் வைக்கச் சொல்லியிருந்தால் அந்தச் சீனியர் மாடியிலிருந்து இறங்கி வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வழக்கு நடத்துகிறவர்களுக்கு: உங்கள் வக்கீல் வர மாட்டார் என்று முன்கூட்டித் தெரிந்தால், காரணத்தை எழுதி மனுவாகப் போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் சேருங்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் நாளே ஒரு நகல் போகட்டும். அவர்கள் சாட்சியாவது வீட்டில் இருப்பார். வக்காலத்தில் வேறு வக்கீல் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரே நடத்தலாம். "நீங்க வர வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று குமாஸ்தா சொன்னாலும், வக்கீல் இல்லாத நாளில் நீங்கள் போய் நில்லுங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, வக்கீல் ஏன் வரவில்லை என்று நீங்களே சொல்லலாம். அடுத்த தேதியை யார் வாய்மொழியாகச் சொன்னாலும், இகோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வராததற்காகக் கட்சிக்காரர் நஷ்டப்படக் கூடாது என்று 1981-ல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் கட்சிக்காரர் அக்கறையாக இருந்தாரா என்று பிறகு வந்த தீர்ப்புகள் கேட்கின்றன. யாரும் ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியானால் அதைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க மனுப்போட 30 நாள்தான் கெடு. அந்த 30 நாள் தள்ளுபடியான அன்றே தொடங்கிவிடுகிறது, வக்கீல் உங்களிடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.