பச்சைத் தேநீர்: பானமா, மருந்தா?



‘கிரீன் டீ’ குடித்தால் உள்வீக்கம் வற்றும், மூட்டுவலி நீங்கும், மாத்திரையே வேண்டாம் என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களில் பரவலாகக் கேட்கிறது. இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைச் சற்றே ஆராய்வோம்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதல்லவா? இதனையே மருத்துவர்கள் ‘அழற்சி’ என்பர். உடலின் காவற்படை கிருமிகளோடு பொருதும் அடையாளம் இது. காயம் ஆறியதும் இது தணிந்துவிட வேண்டும். தணியாது ஆண்டுக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருந்தால், காவலே நோயாக மாறிவிடுகிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளை அரிப்பதும், இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படியத் துணைபோவதும் இத்தகைய நாட்பட்ட அழற்சியே.

நாம் அருந்தும் சுலைமானிக்கு உரிய கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் இலைகள்தாம். இலையை வாட்டிக் கசக்கிக் காற்றில் பழுக்கவிட்டால் அது கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சூடுகாட்டி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் அது பச்சைத் தேயிலை. இதனால் ‘கேட்டசின்’ என்னும் துவர்ப்புப் பொருள்கள் பச்சைத் தேயிலையில் மிகுதியாக எஞ்சுகின்றன. 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டசினைப் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்னும் ஜப்பானியப் பெண்மணி. அந்நாட்டில் வேளாண்மைத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

இக்கேட்டசின்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்களை உயிரணுக்கள் சுரப்பதைக் குறைக்கின்றன என்பது சோதனைக்கூடங்களில் கண்ட உண்மை. ஆயினும் அங்கே உயிரணுக்கள்மீது இடப்படும் அளவு வேறு. ஒரு கோப்பை தேநீரிலிருந்து நம் இரத்தத்தில் சேரும் அளவு வேறு. மனிதர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் அழற்சியின் அளவு சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை.

ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 40,530 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து, 2006-இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. நாள்தோறும் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ பச்சைத் தேநீர் அருந்தியோரிடம், ஒரு கோப்பைக்கும் குறைவாக அருந்தியோரைவிட, இதய, இரத்தக் குழாய் நோய்களால் நேரும் இறப்பு பெண்களில் 31 விழுக்காடும் ஆண்களில் 22 விழுக்காடும் குறைந்திருந்தது. புற்றுநோய் இறப்பில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இந்நன்மை தேநீரால் மட்டுமே விளைந்தது என்று இவ்வாய்வைக் கொண்டு அறுதியிட இயலாது. அவர்களுடைய உணவும் வாழ்க்கைமுறையும் துணைநின்றிருக்கலாம்.

ஆகவே பச்சைத் தேநீர் நல்லதொரு பானம், ஆனால் மருந்தன்று. முடக்குவாதம் உடையோர் இதனை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால், இடைப்பட்ட காலத்தில் அரிக்கப்பட்ட மூட்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. பின்னர் எத்தனை கோப்பை அருந்தியும் பயனில்லை.

இல்லத்தரசிகள் மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். தேநீரின் துவர்ப்பு, கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். எனவே உணவோடு தேநீரைச் சேர்க்காதீர்கள். ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துங்கள். நோன்பு திறந்து கஞ்சி அருந்தும் வேளைக்கும் இதுவே பொருந்தும்.

பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக அடைத்து விற்கும் மாத்திரைகளை நாட வேண்டாம். அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதுண்டு. இரத்த அழுத்தம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மாத்திரை உண்போரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்டு அருந்துவதே நலம்.

கொதித்த நீரைச் சற்றே ஆறவிட்டு, இலையை இட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் வடித்துவிடுங்கள். மிகுந்தால் கசக்கும். அக்கசப்பை மறைக்கச் சீனியை அள்ளிப் போடாதீர்கள். அது நன்மையைத் தந்த கையாலேயே பறிப்பதாகும். பொறுக்கும் சூட்டில் மெல்லப் பருகுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொன்ன வேளையில் தவறாது உண்ணுங்கள்.