‘சீக்கு’ வந்த பிறகு ஓடுவதா? நாட்டுக்கோழி வளர்ப்பில் பலரும் தள்ளிப்போடும் ஒரு வேலை

“தம்பி, காலையில இருந்து ரெண்டு கோழி இரை எடுக்கலப்பா. ஓரமா ஒடுங்கி நிக்குது. பச்சையும் வெள்ளையுமா கழியுது.”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனுக்கு ஊரிலிருந்து அம்மா செய்யும் இப்படி ஒரு போன் காலோடு பல நாட்டுக்கோழிப் பண்ணைக் கனவுகள் முடிந்துபோகின்றன. இன்று இரண்டு கோழி. நாளை மறுநாள் பத்து. சனிக்கிழமை காலையில் மகன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொட்டகையில் பாதிதான் மிச்சம் இருக்கும்.

நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றிய வீடியோக்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. அசில் நல்லதா, கடக்நாத் நல்லதா, கொட்டகை எந்தத் திசையில் போடலாம், இன்குபேட்டர் எங்கே வாங்கலாம், மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று எல்லாம் விலாவாரியாகப் பேசுகிறார்கள். தடுப்பூசி என்று வரும்போது, “அதையும் போட்டுருங்க” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பணம் போவது அந்த ஒரு வரியில்தான்.

வேலையை விட்டுவிட்டோ, சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ பண்ணை தொடங்க நினைப்பவர்கள் கொட்டகைக்குக் கம்பி வலை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

என்ன நோய் இது?

கிராமத்தில் ‘சீக்கு’, ‘வெள்ளைக்கழிச்சல்’, ‘கோழிக்கழிச்சல்’ என்பார்கள். மருத்துவப் பெயர் ராணிக்கெட் நோய். உலக அளவில் நியூகேஸில் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகேஸில் நகரிலும் அடையாளம் காணப்பட்டது. 1920-களின் பிற்பகுதியில் இன்றைய உத்தராகண்டின் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் தென்பட்டதால் இந்தியாவில் அந்த ஊரின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது.

காரணம் ஒரு வைரஸ். நோயுள்ள கோழியின் எச்சம், மூக்குச் சளி, கண்ணீர் வழியாகப் பரவும். ஆனால், கோழியோடு மட்டும் அது வருவதில்லை. சந்தைக்குப் போய் வந்த செருப்பு, முட்டை அட்டை, தீவன மூட்டை, வியாபாரியின் கூடை என எதில் வேண்டுமானாலும் தொற்றிக்கொண்டு வரலாம்.

தொற்றிய பிறகு பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் அறிகுறிகள் தெரியும். முதலில் இரை எடுக்காது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும். பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சை கலந்த வெள்ளையாகக் கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், காலோ இறக்கையோ இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வைரஸ் நுழைந்துவிட்டால் ஏறக்குறைய மொத்தக் கூட்டமும் போய்விடக்கூடும்.

மருந்து கொடுத்தால் சரியாகாதா?

ஆகாது. இதில் குழப்பமே வேண்டாம். மெடிக்கலில் வாங்கித் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது. வைரஸை அது ஒன்றும் செய்யாது. கூடவே தொற்றும் வேறு கிருமிகளைக் கட்டுப்படுத்த டாக்டர் எழுதிக்கொடுக்கலாம். அதோடு அதன் வேலை முடிந்தது.

சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. கோழியின் உடம்பைத் தேற்ற அதைக் கொடுப்பதில் தவறில்லை. “இது கொடுக்கிறோமே, ஊசி எதுக்கு?” என்று முடிவெடுப்பதுதான் தவறு. இந்த நோய்க்கு ஒரே அரண் முன்கூட்டிப் போடும் தடுப்பூசி. அதுவும் பலன் தரத் தொடங்க ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். பக்கத்துத் தெருவில் கோழி சாகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினால், அநேகமாக அதற்குள் வைரஸ் உங்கள் வாசலுக்கு வந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

நூறு குஞ்சு வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாட்டுக்கோழி விற்பனை எடைக்கு வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். கூண்டுத் தீவனம் மட்டும் போட்டு வளர்த்தால், மூன்றாவது மாதம் முடிவதற்குள் ஒரு கோழி சுமார் 3 கிலோ தின்றிருக்கும் என்று கொள்வோம். நூறு கோழிக்கு 300 கிலோ. கிலோ 40 ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய். குஞ்சு வாங்கிய காசு, மின்சாரம், அம்மாவின் மூன்று மாத உழைப்பு எல்லாம் தனி. விற்பனைக்குப் பத்து, பதினைந்து நாட்கள் இருக்கும்போது நோய் வந்தால் இது மொத்தமும் குழிக்குள் போகிறது.

இதற்கு எதிரே தடுப்பூசிச் செலவு ஒரு கோழிக்குச் சில ரூபாய்தான். அரசு முகாமில் போட்டால் அதுவும் கிடையாது. கோழி வளர்ப்பில் இதைவிட மலிவான இன்சூரன்ஸ் வேறில்லை.

எப்போது, என்ன போட வேண்டும்?

பொதுவாகப் பின்பற்றப்படும் அட்டவணை இதுதான். உங்கள் பகுதி நிலவரத்துக்கு ஏற்ப கால்நடை மருத்துவர் ஓரிரு நாட்கள் முன்பின் மாற்றிச் சொல்லலாம்.

• 7-ஆம் நாள்: ராணிக்கெட் எஃப் அல்லது லசோட்டா. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு.

• 14-ஆம் நாள்: கம்போரோ நோய்த் தடுப்பு மருந்து. இது வேறு வைரஸ். குஞ்சுகளின் எதிர்ப்பு சக்தியையே குலைத்துவிடும் நோய் என்பதால் இதையும் விடக்கூடாது.

• 28-ஆம் நாள்: லசோட்டா இரண்டாவது முறை. குடிநீரில் கலந்து கொடுக்கலாம்.

• 6-ஆவது வாரம்: அம்மை நோய்த் தடுப்பூசி.

• 8-ஆவது வாரம்: ஆர்2பி எனும் ராணிக்கெட் தடுப்பூசி. இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே 0.5 மி.லி.

முட்டைக்காகவும் அடைக்காகவும் வைத்திருக்கும் கோழிகளுக்கு அதன் பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஊக்கத் தடுப்பூசி தேவை. தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் பலன் கூடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆர்2பி சற்று வீரியமான மருந்து. வளர்ந்த கோழிக்கு நல்ல பாதுகாப்பு தரும். அதையே இளங்குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயாகிவிடலாம். “எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஊசியா போட்டு விட்ரலாம்” என்ற அவசரம் வேண்டாம்.

‘ஊசி போட்டும் செத்துப்போச்சே?’

இந்தப் புகார் பொய்யில்லை. பெரும்பாலும் தவறு நடப்பது மருந்துக் குப்பி கடையிலிருந்து கோழிக்குப் போய்ச் சேரும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

இந்தத் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். சட்டைப் பையிலோ பைக் டேங்க் கவரிலோ வைத்து வெயிலில் கொண்டு வந்தால், குப்பியில் இருப்பது வெறும் தூள். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுவர வேண்டும்.

கரைத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடுவது வீண். அதிகாலையோ சாயங்காலமோ போடுவது நல்லது; கோழிகளை அடைத்து வைத்திருக்கும் நேரம் என்பதால் பிடிப்பதும் சுலபம்.

குடிநீரில் கொடுப்பதாக இருந்தால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. குளோரின் மருந்தைச் சாகடித்துவிடும். கிணற்று நீரையோ ஆறவைத்த நீரையோ எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, அதில் மருந்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எல்லாக் கோழியும் மளமளவென்று குடித்து முடிக்கும்.

ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்குத் தடுப்பூசி போடக்கூடாது. பாதிக் கூட்டத்துக்குப் போட்டுவிட்டு மீதியை விடவும் கூடாது. மருந்தைக் கையாண்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். சிலருக்குக் கண் சிவந்து எரிச்சல் வரும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும்.

நூறு டோஸ் குப்பி, பத்துக் கோழி

இங்கேதான் உண்மையான சிக்கல். தடுப்பு மருந்துக் குப்பிகள் பெரும்பாலும் நூறு டோஸ், அதற்கும் மேல் என்ற அளவில்தான் வருகின்றன. வீட்டில் பத்துக் கோழி வைத்திருக்கும் ஓர் அக்கா, முழுக் குப்பியை வாங்கிப் பத்துச் சொட்டு போட்டுவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். யார் வாங்குவார்கள்?

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டிலேயே அதிகக் கோழியினங்கள் உள்ள மாநிலம் தமிழ்நாடு; சுமார் 12 கோடி. இதில் பெரும்பகுதி நாமக்கல் போன்ற பகுதிகளின் பெரிய பண்ணைகளில் இருக்கிறது. அங்கே தடுப்பூசி அட்டவணை தவறாது. தவறுவது கொல்லைப்புறத்தில். அதே கணக்கெடுப்பு நாடு முழுக்க கொல்லைப்புறக் கோழிகள் 31 கோடியைத் தாண்டியதாகவும், 2012-ஐவிட சுமார் 46 சதவீதம் கூடியதாகவும் சொல்கிறது. இவற்றைப் பெரும்பாலும் வளர்ப்பது பெண்கள். பிள்ளையின் ஸ்கூல் பீஸுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரத்துக்குக் கை கொடுப்பது அந்தப் பத்துக் கோழிதான்.

தமிழக கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன், பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், கோழி பிப்ரவரியில் மட்டும் குஞ்சு பொரிப்பதில்லை. மே மாதம் பொரித்த குஞ்சு அடுத்த முகாம் வரை காத்திருக்க முடியாது. முகாம் நாளன்று காலை பத்து மணிக்கு மேய்ச்சலுக்குப் போன கோழியைப் பிடிக்கவும் முடியாது. நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் அம்மா வீட்டிலும் இருக்க மாட்டார்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மாதம் ஒரு நாளாவது ஒவ்வொரு ஊராட்சியிலும் அதிகாலையில் கோழித் தடுப்பூசி நாள் என்று அறிவிக்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, ஐஸ் பெட்டியும் கொடுத்தால் சொட்டு மருந்தை அவர்களே போட்டுவிடுவார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கொல்லைப்புறக் கோழிகளுக்கென்றே இரையோடு தூவிக் கொடுக்கும் குருணை வடிவ ராணிக்கெட் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கோழியைத் துரத்திப் பிடிக்கும் வேலையே அதில் இல்லை. அப்படிப்பட்ட மருந்து ஊராட்சி வரை வந்து சேர வேண்டும். பண்ணை அமைக்க மானியம் கொடுக்கும் அரசு, அந்தப் பண்ணை நிலைக்க இதையும் செய்வதுதான் முறை.

அதுவரை ஒரு எளிய வழி: தெருவில் ஏழெட்டு வீடு சேர்ந்து ஒரு குப்பி. ஒரு வாட்ஸ்ஆப் குரூப், ஒரு பிளாஸ்க், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செலவு பிரிந்துவிடும். அதைவிட முக்கியம், தெரு முழுக்கப் பாதுகாப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் உங்கள் கோழிக்கும் ஆபத்துதானே?

வந்துவிட்டால் என்ன செய்வது?

• நோய்க் கோழியை உடனே தனியாக அடையுங்கள். நல்ல கோழிக்கு முதலில் தீவனம் வைத்துவிட்டு, நோய்க் கோழியிடம் கடைசியாகப் போங்கள்.

• கால்நடை மருத்துவரிடம் தகவல் சொல்லுங்கள். கால்நடை அவசர உதவி எண் 1962. ஒரே நேரத்தில் நிறையக் கோழிகள் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனவே, மறைக்க வேண்டாம்.

• செத்த கோழியை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ வீசினால் நாயும் காகமும் அடுத்த தெருவுக்குக் கொண்டு போகும்.

• “இருக்கறதையாவது வித்துரலாம்” என்று சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள். நோய் ஊர் விட்டு ஊர் பரவுவது இப்படித்தான். உங்கள் கைக்கு வரும் சில நூறு ரூபாய் இன்னொரு அம்மாவின் பத்துக் கோழிக்கு விலையாகிவிடும்.

• கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சில வாரங்கள் காலியாகப் போட்டுவிட்டுத்தான் அடுத்த குஞ்சை இறக்க வேண்டும். புதிதாக வாங்கும் கோழியை எப்போதுமே இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக

2012-இல் ஈமு கோழி மோகத்தில் கொங்கு மண்டலத்தில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. நாட்டுக்கோழி அப்படிப்பட்ட மாயை இல்லை. இதற்கு ஊருக்கு ஊர் வாங்குபவர் இருக்கிறார், வளர்க்கத் தெரிந்த கையும் இருக்கிறது. தொழில் உண்மையானது. ஆனால், போனில் பார்த்து நடத்தும் தொழில் இல்லை.

பண்ணை தொடங்கும் ஆசை இருந்தால் முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். தடுப்பு மருந்து என்றைக்குக் கிடைக்கும், யார் போடுவார் என்று கேட்டு, 7, 14, 28 என்று நாட்களைக் குறித்து போனில் அலாரம் வையுங்கள். குஞ்சுக்கு அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.