எடைக்குப் போடாதீர்கள்!

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்பார்கள். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில் ஒரு சங்கீத மண்டபம் இருக்கிறது. விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் கட்டியது. வருஷம் 1387-88. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், மகாவீரர் கதைகள் வரிசையாக ஓவியங்களாக ஓடுகின்றன. அங்கங்கே வண்ணம் உதிர்ந்திருக்கிறது. 'உதிர்ந்துதான் போச்சே, இடிச்சுட்டு புதுசா கான்கிரீட் போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் சும்மா விடுவீர்களா?

கோயிலுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா? உங்கள் ஹாலுக்கு வாருங்கள். இறக்குமதிக்கு ஏகக் கெடுபிடி இருந்த எழுபதுகளில், எண்பதுகளில் அப்பா ஆசை ஆசையாகச் சேர்த்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் மூலையில் நிற்கின்றன. இப்போது மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் கரகர. பையன், "தூக்கிப் போட்டுட்டு சவுண்ட் பார் வாங்கலாம்ப்பா" என்கிறான். கடைக்காரர், "ஸ்பேர் வராது சார், எக்ஸ்சேஞ்சுல தள்ளிடுங்க" என்கிறார்.

இந்த 'ஸ்பேர் வராது சார்'தான் என் எதிரி.

முதலில் என்ன கெட்டுப்போச்சு என்று யாராவது பார்த்தார்களா? அந்தக் காலத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் இருக்கும். பாலியூரிதேன். பதினைந்து இருபது வருஷத்தில் அது பொடிப் பொடியாக உதிரும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அடுத்தது, உள்ளே ஒலியைப் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரில் உள்ள எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர். நாளாக ஆக அது காய்ந்துவிடும். மூன்றாவது, பின்பக்கத்துத் திருகு குமிழில் பிடிக்கிற களிம்பு. பெரும்பாலும் இவ்வளவுதான் நோய். காந்தம், காயில், கூம்பு, மரப்பெட்டி எல்லாம் பாட்டுக்கு நன்றாக இருக்கும். செருப்பு வார் அறுந்ததற்குக் காலையே வெட்டலாம் என்கிறார்கள்.

காஞ்சிபுரம் தறி வீடுகளைப் பாருங்கள். பாவு தீர்ந்துவிட்டால் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பொறுமை வேண்டும்தான். அதற்காகத் தறியையே அடுப்பில் வைத்தவர் உண்டா?

"சார், டெக்னாலஜி எங்கேயோ போயிடுச்சு" என்பீர்கள். செல்போனுக்கு அந்த வாதம் சரி. ஸ்பீக்கருக்கு? ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் 1925-ல் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை. ஒரு காந்தம், ஒரு காயில், ஒரு கூம்பு. நூறு வருஷமாக இதேதான். ஜேபிஎல் கம்பெனி 1970 வாக்கில் எல்-100 என்று ஒரு ஸ்பீக்கர் போட்டது. 2018-ல் அதே முகஜாடையில், 'கிளாசிக்' என்று பேர் வைத்து, மறுபடியும் விற்க ஆரம்பித்தது. தயாரித்தவனே பழைய முகத்தைத் தேடிப் போகிறான். நாம் எடைக்குப் போடுகிறோம்!

எடைக்கு எடுக்கிறவர் மட்டும் ஏமாளி இல்லை. அக்கால ஸ்பீக்கர்கள் பலவற்றில் இருந்தது அல்நிகோ காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. 1978-ல் ஆப்பிரிக்காவின் ஸயர் நாட்டில் கலவரம் வந்து கோபால்ட் விலை எகிறியதும், கம்பெனிகள் மலிவான ஃபெர்ரைட்டுக்குத் தாவின. பழைய பட்டுப்புடவையை ஜரிகையின் வெள்ளிக்காக எரிக்கிறவருக்கும், ஸ்பீக்கரைக் காந்தத்துக்கும் செம்புக்கும் உடைக்கிறவருக்கும் ஒரே கணக்கு. நெசவும் நாதமும் தராசில் ஏறாது.

பழசு என்பதாலேயே எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கும் தகர டப்பாக்கள் இருந்தன. கரையான் தின்ற பெட்டி, காயில் எரிந்து கூம்பும் கிழிந்து பாகமே கிடைக்காத மாடல் என்றால் விடை கொடுங்கள். கம்ப்யூட்டரில் அளந்து வடிவமைத்த இன்றைய நல்ல ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே நல்லவை. இடம் இல்லையா, புதுசுதான் வேண்டுமா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் பழையதைக் கேட்டு ரசிக்கிற ஒருவர் கையில் கொடுங்கள். உடைக்கிறவர் கையில் வேண்டாம்.

புதுசு வாங்கும்போதும் ஒன்று கேளுங்கள்: இதைத் திறக்க முடியுமா? பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிய புளூடூத் உருண்டைகள் எத்தனையோ இருக்கின்றன. பேட்டரி போனால் பாட்டும் போச்சு. மத்திய அரசு 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை'க்கென்றே ஒரு இணையதளம் திறந்தது. சந்தோஷம். ஆனால் உரிமை இருந்து என்ன, ரிப்பேர் செய்ய ஆள் வேண்டாமா? நீங்கள் எக்ஸ்சேஞ்சில் தள்ளுகிற ஒவ்வொரு பெட்டியும், சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கிற ஒருவருடைய ஒருநாள் கூலி. அவர் கடையை மூடிவிட்டால் அப்புறம் 'ஸ்பேர் வராது' என்பது நிஜமாகவே ஆகிவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முன்பக்கத் துணியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் உதிர்ந்திருக்கிறதா? மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் கிட்டத்தட்ட 6 காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை. ஒரு பக்கம் மட்டும் பழுது என்றாலும் வளையத்தை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் இடது காதும் வலது காதும் சண்டை போடும். "வேற வூஃபர் போட்டுத் தர்றேன்" என்பவரிடம் ஜாக்கிரதை. பெட்டியின் கொள்ளளவு அந்த வூஃபருக்காகக் கணக்குப் போட்டது. மாப்பிள்ளையை மாற்றினால் சட்டை பொருந்தாது.

அடுத்த தடவை யாராவது 'ஸ்பேர் வராது சார்' என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது போச்சு?"

பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பெட்டியைக் கொடுங்கள். தெரியாதவரிடம் பணத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.