ஒரு மரமும் ஒரு குறிப்பேடும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கையைப் பற்றிய நேரடி அறிவு வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1950-ஆம் ஆண்டில், அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். அது முதல் ஜூலை மாதந்தோறும் பள்ளிகளில் மரக்கன்றுகள் நடப்பெற்று வருகின்றன. 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2001-02-இல் தேசியப் பசுமைப் படை தோன்றிப் பள்ளிகளில் சூழல் மன்றங்களை அமைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயில்வோர்க்குப் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களை வகுத்தது. ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை.

ஆயினும், எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனிடம், பள்ளி வாயிலில் நிற்கும் வேம்பு எந்த வாரத்தில் துளிர்த்தது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. கன்று நட்ட நாளை அவன் அறிவான். அக்கன்று பின்னர் என்ன ஆயிற்று என்பதை அறியான். விழா எடுப்பது பிழையன்று. ஒரு நாளில் தொடங்கி அந்நாளிலேயே முடிந்துவிடுவதுதான் அதன் குறை. இயற்கையை ஒரு நாளில் காண இயலாது. அதே இடத்திற்கு மீண்டும் மீண்டும் சென்று நோக்குபவனுக்கே அது புலப்படும்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியும் தன் எல்லைக்குள் நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரத்திற்கு ஒரு முறை, குறித்த கிழமையில் அதனை நோக்கிக் குறிப்பெழுதி வருவதே பிற யாவற்றினும் முதன்மையாகச் செய்யத்தக்கது என்பது எம் கருத்து. துளிர் உண்டா, முற்றிய இலை உண்டா. மொட்டு உண்டா, மலர் உண்டா. காய் உண்டா, கனி உண்டா என்பன கேள்விகள். இல்லை, சில, பல என்பன விடைகள். இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கால் மணி நேரம் போதும். சீசன்வாட்ச் என்னும் திட்டம் பல ஆண்டுகளாக இம்முறையைக் கையாண்டு வருகிறது. கேரளத்துப் பள்ளிகள் பல இதில் ஆர்வத்துடன் பங்குபெற்றுள்ளன.

இக்குறிப்புகளால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். கேரளத்தில் ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கொன்றைப் பூ இன்றியமையாதது. இப்போதெல்லாம் கொன்றை பண்டிகைக்கு வெகு முன்னரே பூத்துவிடுகிறது என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள். அது மெய்யாக இருக்கலாம். ஆனால் பேச்சு சான்றாகாது. வாரந்தோறும் எழுதிய ஏடே சான்றாகும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் பூத்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9-ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. அதனாலேயே, 2021-ஆம் ஆண்டு மார்ச் 26-இல் அவை முழுமையாக மலர்ந்தபோது, ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் இதுவே மிக முந்திய நாள் என்று துணிந்து கூற முடிந்தது. நம் நாட்டு மரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய நெடிய குறிப்பு இல்லை. தட்பவெப்பம் மாறிவரும் இக்காலத்தில் அது பெருங்குறையாகும். இன்று ஆறாம் வகுப்பில் தொடங்கும் ஏடு, பின்வரும் வகுப்புகளின் கைகளில் தொடருமாயின், இருபது ஆண்டுகளில் அறிஞர்கள் தேடிவரும் செல்வமாகும்.

ஆனால் அந்த ஏடு மெய்யானதாக இருத்தல் வேண்டும். இங்கேதான் ஆசிரியர்கள் கவனத்துடன் இருக்க வேண்டுகிறோம். மலரும் கனியும் எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் மிகுதி என்று வைத்தால், பிள்ளைகள் இல்லாத மலரையும் எழுதிவிடுவர். ‘பூ இல்லை’ என்பதும் ஓர் உண்மையே. அதற்கும் அதே மதிப்பு உண்டு. மேலும், ‘பூ இல்லை’ என்பது வேறு. ‘இவ்வாரம் பார்க்கவில்லை’ என்பது வேறு. முன்னது செய்தி, பின்னது இடைவெளி. இடைவெளியை மறைத்து, பின்னர் நினைவிலிருந்து நிரப்பிய ஏட்டினும், ஆங்காங்கே வெறுமையாக விட்ட ஏடே மேலானது. பிள்ளை கண்டது பாடநூலோடு முரண்பட்டால், குறிப்பைத் திருத்தாது, மரத்தடிக்குச் சென்று மறுமுறை பார்த்தல் வேண்டும். இந்த நேர்மையைக் கற்ற பிள்ளை அறிவியலின் அடிப்படையையே கற்றதாகும்.

செடி கொடிகளின் பெயர் தமக்குத் தெரியாதே என்று தயங்கும் ஆசிரியர்கள் பலர். அத்தயக்கம் வேண்டுவதில்லை. வட மாநிலங்கள் பலவற்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலவ மரம் இலையுதிர்த்து, பெரிய செந்நிற மலர்களுடன் நிற்கும். தேனை நாடி மைனாவும் காகமும் கரிச்சானும் தேன்சிட்டும் வந்து கூடும். இலையில்லாத நேரத்தில் இது ஏன் பூக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், “எனக்குத் தெரியாது, யார் யார் வருகிறார்கள் என்று முதலில் எண்ணுவோம்” என்று கூறும் ஆசிரியரே நல்லாசிரியர். சலீம் அலி சிறுவனாக இருந்தபோது, தொண்டையில் மஞ்சள் நிறம் கொண்ட சிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கிருந்த மில்லார்டு அச்சிறுவனைத் துரத்திவிடாது, கழகத்தின் பறவைத் தொகுப்பைத் திறந்து காட்டினார். ஒரு பிள்ளையின் கேள்வியை மதித்ததன் விளைவை நாடறியும்.

வேலை மிகுதி, வகுப்பில் ஐம்பது பேர், வெயில், பாம்பு பற்றிய அச்சம் என்னும் தடைகள் உண்மையானவையே. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒரு குழு காலை வேளையில் செல்லலாம். புதரும் தேன்கூடும் இல்லாத மரத்தையே தேர்ந்துகொள்ளலாம். கூடுகளைக் கலைக்காமலும் முட்டைகளைத் தொடாமலும் இருக்கப் பழக்க வேண்டும். குறிப்பில் உள்ள எண்களைக் கணக்கு வகுப்பில் வரைபடமாக்கினால், செலவிட்ட நேரம் வீணாகாது. கோடை விடுமுறையில்தான் பல மரங்கள் பூத்துக் காய்க்கின்றன. அப்போது பள்ளிக்கு அருகில் வாழும் பிள்ளைகள் பெற்றோருடன் சென்று ஏட்டைத் தொடரலாம். பாட்டனும் பாட்டியும் அம்மரத்தைப் பற்றிச் சொல்லத்தக்கவை பல உண்டு.

வனத்துறை, வேளாண்மைத் துறைக் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்குச் செல்லும்போது, துண்டுப் பிரசுரம் வழங்கிச் சொற்பொழிவாற்றித் திரும்பாதீர்கள். பிள்ளைகளின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் வட்டாரத்தில் அம்மரத்திற்கு வழங்கும் பெயரையும், அதன் பூச்சிகளையும், மழை தவறிய ஆண்டில் அதற்கு நேர்ந்ததையும் கூறுங்கள். தாம் எழுதியதைத் துறையாளர் ஒருவர் படிக்கிறார் என்று அறிந்த பிள்ளை, அடுத்த வாரமும் தவறாது எழுதும்.

ஜூலை மாதத்தில் கன்று நடுங்கள், நன்று. அன்றே ஓர் ஏட்டையும் திறந்து, முதல் பக்கத்தில் நாளும் இடமும் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே கிழமையில் மீண்டும் சென்று பாருங்கள்.